பாத் நகரில் வழி தவறினேன்

இங்கிலாந்தில் பாத் என்று ஒரு நகரம் இருக்கிறது. ஊரின் பெயருக்கே குளியல் என்றுதான் அர்த்தம். ஆகையால் அங்கே போகிறவர்கள் எல்லோரும் குளிப்பதற்காகவோ, அல்லது பிறர் குளித்த இடத்தைப் பார்ப்பதற்காகவோதான் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் திரும்பி வரும்போது என் மனத்தில் நின்றது வெந்நீர் ஊற்று அல்ல. ரோமானியர் கட்டிய குளமும் அல்ல. ஒரு பழைய டெலிவிஷன் பெட்டிக்குள் என்னைத் துரத்து துரத்தென்று துரத்திய ராட்சதப் பிராணி ஒன்றும், அதன் வாயிலிருந்து என்னைக் காப்பாற்றிய முனை மழுங்கிய பென்சில் ஒன்றும்தான்!

கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

லண்டனில் பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாத் வந்துவிடுகிறது. ஊர் முழுவதும் ஒரே நிறம். தேனில் தோய்த்து எடுத்தாற்போன்ற மஞ்சள் கல்லால் கட்டிய வீடுகள், குன்றுச் சரிவில் வரிசை வரிசையாக நிற்கின்றன. நடுவில் ரோமானியர் ஸ்நான கட்டடம். பூமிக்குள்ளிருந்து தினமும் 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் வெந்நீர், 46 டிகிரி சூட்டில், யாரும் அடுப்பு மூட்டாமலே பொங்கி வருகிறது. பச்சை நிறத் தண்ணீரிலிருந்து ஆவி எழும்புவதைப் பார்த்தாலே நமக்கும் இறங்கிவிடலாமா என்று தோன்றுகிறது. ஆனால் அங்கே இறங்கக் கூடாது. குளிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு 2006ல் திறந்த புதிய ஸ்நான மண்டபம் பக்கத்திலேயே இருக்கிறது.

குளித்து முடித்து, தெம்பாக ஊர் சுற்றக் கிளம்பினேன். அங்கேதான் வினை ஆரம்பமாயிற்று.

முப்பது வீடு, ஒரே முகம்

பாத் நகரத்தை அழகுபடுத்தியவர்கள் ஜான் வுட் என்ற தந்தையும், அதே பெயர் கொண்ட அவருடைய மகனும். தந்தை வட்டமாக வீடுகள் கட்டத் திட்டம் போட்டார். அதற்கு சர்க்கஸ் என்று பெயர். நம் ஊர்ச் சர்க்கஸ் அல்ல, வட்டம் என்று பொருள். மகன், 1767க்கும் 1774க்கும் இடையில், பிறைச் சந்திரனைப் போல வளைந்த ஒரே கட்டடமாக 30 வீடுகளைக் கட்டினார். அதுதான் ராயல் கிரெஸென்ட். தூரத்திலிருந்து பார்த்தால் கண் கொள்ளாக் காட்சி. கிட்டத்தில் போனாலோ, எல்லா வீட்டுக்கும் ஒரே முகம்! அதே தூண், அதே ஜன்னல், அதே கல்.

இப்படி வளைந்த தெருக்கள் அந்த ஊரில் ஒன்றல்ல, இரண்டல்ல. நான் தங்கியிருந்த வீடும் அப்படியொரு மேட்டுத் தெருவில்தான் இருந்தது. கைப்பேசியில் ஊர்ப் படம் பார்த்துக்கொண்டு போகிறவரையில் நான் பெரிய வீரனாகத்தான் இருந்தேன். மாலை நாலு மணிக்கு அதன் பாட்டரி தீர்ந்தது. என் வீரமும் தீர்ந்தது. ஒரு தெருவில் ஏறி, இன்னொரு தெருவில் இறங்கி, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். இப்படி மூன்று தடவை!

சரி, ஆற்றங்கரைக்குப் போய்விட்டால் திசையாவது தெரியும் என்று இறங்கினேன். அங்கே பல்ட்னி பாலம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கடைகள் உள்ள பாலம்; நடந்து போகிறவனுக்குப் பாலத்தின் மேல் போகிறோம் என்பதே தெரியாது. அதன் கீழே ஏவான் நதி வளைந்த படிகளில் சலசலவென்று விழுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு விசித்திரத்தைக் கண்டேன். புல்தரையில் கல் பதித்து, சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு புதிர்ப் பாதை. 1984ல் அமைத்தது. சுவர் கிடையாது, வேலி கிடையாது. கல்லின் மேலேயே நடந்து நடுவிலுள்ள வட்டத்தை அடைய வேண்டும் என்பதுதான் விதி.

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி அதற்குள் அகப்பட்டுக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள். புல்லைத் தாண்டி ஒரே எட்டில் வெளியே வந்துவிடலாம். ஆனால் விதியை மீற அவளுக்கு மனம் இல்லை. கரையில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த அவளுடைய பாட்டி, கம்பளி நூல் பின்னுவதை நிறுத்தாமலே, "இடது பக்கம் திரும்பு, கண்ணே!" என்றாள். சிறுமி திரும்பினாள். இரண்டே நிமிஷத்தில் நடு வட்டத்துக்குப் போய்க் கை தட்டினாள்.

அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. பாட்டியிடம் என் தெருவுக்கு வழி கேட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மாடி அறையில் ஒரு மர்மம்

வீட்டுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த மனிதர்; அதிகம் பேசாதவர். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் வழி தவறிய கதையைப் பொறுமையாகக் கேட்டார். ஆற்றங்கரைப் புதிர்ப் பாதையைப் பற்றிச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு புன்னகை தோன்றியது.

"அது குழந்தைகளுக்கு. எங்கள் ஊரிலிருந்து வெளிவந்த வேறொரு புதிர்ப் பாதை இருக்கிறது. அதற்குள் போனவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை. பார்க்கிறீர்களா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"மாடியில்."

குறுகலான மரப்படிகளில் ஏறினோம். சாய்ந்த கூரையின் கீழே ஒரு சின்ன அறை. மேஜையின் மேல் ஒரு பழைய டெலிவிஷன் பெட்டி, ஒரு காஸெட் டேப் ரிகார்டர், அவற்றின் நடுவே கறுப்பாகத் தட்டையாக ஒரு வஸ்து. நம் வீட்டுப் பஞ்சாங்கத்தைக் காட்டிலும் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். அதுதான் கம்ப்யூட்டராம்!

சின்க்ளேர் இசட்.எக்ஸ். 81 என்பது அதன் நாமதேயம். 1981 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துக்கொண்டால் 49 பவுன் 95 பென்ஸ். பூட்டித் தயாராக வாங்கினால் 69 பவுன் 95. அதற்கு முன் கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் சர்க்கார் ஆபீஸுக்கும் சர்வகலாசாலைக்கும் உரிய சமாசாரம். அதைச் சாதாரணக் குடும்பங்களின் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தவற்றில் இந்தச் சின்னப் பெட்டியும் ஒன்று. பதினைந்து லட்சத்துக்கு மேல் விற்றதாம். அதற்குத் தனித் திரை கிடையாது; வீட்டு டெலிவிஷனே திரை. வர்ணம் கிடையாது, சத்தம் கிடையாது. எழுத்துக் கட்டைகள்கூட எழும்பி நிற்பதில்லை. தட்டையான பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டிருக்கின்றன.

அதனுடைய சொந்த ஞாபகசக்தி வெறும் 1,024 எழுத்துக்கள். பின்னால் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினால் அது 16,384 ஆகும். இன்றைய கம்ப்யூட்டரில் நான் எழுதும் இந்தக் கட்டுரை ஒன்றே அதைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அந்தச் செருகு பெட்டி கொஞ்சம் ஆடினாலும் மெஷினுக்குச் சகலமும் மறந்துபோகும் என்பது அந்தக் காலத்துப் பையன்கள் அனைவருக்கும் தெரிந்த விஷயம்.

இந்தப் பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்துக்குள்ளேதான் மால்கம் எவன்ஸ் என்ற எஞ்சினியர், 1981ல், ஒரு முழுக் கோட்டையையும் அதற்குள் உலாவ ஒரு பிராணியையும் அடைத்து வைத்தார். மறு வருஷத் தொடக்கத்தில் பாத் நகரத்தில் இருந்த ஜே. கே. கிரே சாஃப்ட்வேர் என்ற சிறிய கம்பெனி அதைக் காஸெட்டில் வெளியிட்டது. 'த்ரீ-டி மான்ஸ்டர் மேஸ்' என்பது விளையாட்டின் பெயர். ஆட்டக்காரரின் கண் வழியாகவே புதிர்ப் பாதையைக் காட்டுவது முற்றிலும் புதிது அல்ல. 1970களிலேயே அமெரிக்காவின் நாசா ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் 'மேஸ் வார்' என்ற ஆட்டம் உருவாகியிருந்தது. ஆனால் அது ஆராய்ச்சிக் கூடத்து மெஷின். வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து பயப்படும்படி செய்த முதல் சிலவற்றில் இது ஒன்று.

சர்க்கஸ்காரனின் எச்சரிக்கை

வீட்டுக்காரர் காஸெட்டைப் போட்டார். காது கூசும்படி ஒரு கிறீச்சொலி. சில நிமிஷங்கள் காத்திருந்தோம். பிறகு திரையில் கறுப்புச் சதுரங்களாலான ஒரு கோமாளி தோன்றினான். சர்க்கஸ் கூடார வாசலில் நின்று ஆள் பிடிப்பவனைப் போல, 'வாருங்கள், வாருங்கள்' என்று கூவுகிறான், எழுத்தில்! உள்ளே ரெக்ஸ் என்ற டைரனோஸாரஸ் இருப்பதாகவும், படபடப்புள்ளவர்களுக்கு இந்த ஆட்டம் ஆகாது என்றும், சந்தேகம் இருந்தால் இப்போதே விலகிவிடலாம் என்றும் சொல்கிறான்.

நான் சிரித்தேன். மொத்தத் திரையும் அகலத்தில் 64, உயரத்தில் 48 சதுரக் கட்டங்கள். கறுப்பு, வெளுப்பு, நடுவில் ஒரு சாம்பல். இதைப் பார்த்தா பயப்படுவது?

ஆட்டம் ஆரம்பமாயிற்று. எதிரே ஒரு நடைகூடம். இரண்டு பக்கமும் கறுத்த சுவர். தூரத்தில் ஒரு திருப்பம். மூன்றே கட்டைகள்: 5ஐ அழுத்தினால் இடது பக்கம் திரும்பலாம், 8ஐ அழுத்தினால் வலது, 7 என்றால் முன்னே ஓர் அடி. பின்னால் நடக்க வழியே கிடையாது. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் நின்று, இரண்டு தடவை திரும்ப வேண்டும்.

திரையின் அடியில் ஒரே ஒரு வரி எழுத்து. ரெக்ஸ் காத்துக் கிடக்கிறது என்றது முதலில். நான் நாலு அடி வைத்தேன். உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று மாறிற்று. ஒரு திருப்பம், முட்டுச் சந்து. திரும்பி வந்தேன். காலடி நெருங்குகிறது என்று எழுத்து வந்தது.

வாசகர்களே, நான் சத்தியமாகச் சொல்கிறேன். அந்த மெஷினுக்குச் சத்தம் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆயினும் அந்த வரியைப் படித்ததும் காலடி ஓசை என் காதில் விழுந்தது! அடுத்த மூலையில் திரும்பினேன். நடைகூடத்தின் கோடியில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, இரண்டு காலில் அசைந்து அசைந்து வந்தது. பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அது பெரிதாயிற்று, இன்னும் பெரிதாயிற்று. ஓடு என்றது எழுத்து. எங்கே ஓடுவது? கை 5ஐயும் 8ஐயும் மாற்றி மாற்றி அழுத்திற்று. திரும்பிய பக்கமெல்லாம் சுவர். கடைசியில் திரை முழுவதும் வாய். வாய் முழுவதும் பல்!

"ஐயோ!" என்று நான் கத்தியது கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அகப்பட்டவனுக்கு அந்த ஆட்டத்தில் ஒரு தண்டனையும் உண்டு: புதிர்ப் பாதைக்குள் என்றென்றும் அலைந்து திரிய வேண்டும். சக்கரவியூகத்தில் புகத் தெரிந்து, வெளியே வரத் தெரியாமல் மாண்ட அபிமன்யுவின் கதியைக் காட்டிலும் இது மோசம் அல்லவா?

தபால்காரரின் தாள்கள்

நான் வியர்வையைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து வீட்டுக்காரர் பரிகாசம் செய்யவில்லை. "எனக்குப் பன்னிரண்டு வயது. முதல் நாள் நான் டெலிவிஷனை அணைத்துவிட்டுப் படுக்கைக்கு ஓடிவிட்டேன்" என்றார்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு கட்டை எடுத்து வந்தார். கட்டம் போட்ட கணக்குத் தாள்கள், ஐம்பது அறுபது இருக்கும். ஓரங்கள் பழுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் சுவர்கள், திருப்பங்கள், அம்புக்குறிகள்.

"என் தகப்பனார் போட்டவை. அவர் இந்த ஊர்த் தபால்காரர். மெஷினைப் பாகங்களாக வாங்கி, சமையலறை மேஜையில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பற்றவைத்தார். ஆனால் ஒரு நாளும் கட்டையைத் தொட மாட்டார். 'நீ ஓடு, நான் வழி பார்க்கிறேன்' என்பார். நான் ஓடுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளில் கோடு போட்டுக்கொண்டே வருவார்."

ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். மூலையில் தேதி. அதன் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை. தமிழில் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிடலாம்: 'அகப்பட்டோம்.' அடுத்த தாளிலும் 'அகப்பட்டோம்.' மூன்றாவதில், 'தப்பினோம்.' எல்லாவற்றிலும் பன்மைதான். பையன் அகப்பட்டான் என்று ஒரு தாளிலும் இல்லை.

"இந்தப் படங்களை வைத்துக்கொண்டால் இப்போது சுலபமாகத் தப்பிவிடலாமே?" என்றேன்.

அவர் தலையசைத்தார். "முடியாது. ஒவ்வொரு தடவையும் மெஷின் புதிதாகப் பாதை போடுகிறது. ஒரு தாள் ஒரு தடவைக்குத்தான் உதவும். மறுநாள் அது வெறும் காகிதம்."

"பின்னே எதற்காக வைத்திருக்கிறீர்கள்?"

சற்று நேரம் அவர் பேசவில்லை. "இந்தப் பாதைகளெல்லாம் இப்போது வேறெங்கும் இல்லை. இந்தத் தாள்களில் மட்டும்தான் இருக்கின்றன" என்றார்.

தகப்பனார் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு மெஷினைத் துடைத்து வைப்பதோடு சரி, விளையாடியதில்லையாம். அன்று எனக்காகத்தான் முதல் தடவையாக மூட்டினாராம்.

எனக்கு என்ன தோன்றிற்றோ தெரியவில்லை. "ஸார், இன்னொரு தடவை பார்த்துவிடுவோம். நான் ஓடுகிறேன். நீங்கள் வழி பாருங்கள்" என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். மேஜை இழுப்பைத் திறந்து ஒரு புதுத் தாளும், முனை மழுங்கிய பென்சிலும் எடுத்தார். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நீ ஓடு, நான் பார்க்கிறேன்

இந்தத் தடவை என் கண் திரையில். அவர் கண் தாளில். "நேரே... நேரே... இடது. நில்லுங்கள், அங்கே முட்டுச் சந்து. திரும்புங்கள்" என்று மெதுவான குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். அதிசயம் என்னவென்றால், அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும் வரையில் திரையின் அடியிலிருந்த எழுத்து என்னை அவ்வளவாக மிரட்டவில்லை.

ஒரு நாற்சந்தியில் வலது பக்கம் எட்டிப் பார்த்தேன். ரெக்ஸ்! வெகு சமீபத்தில்! சட்டென்று நேரே ஓடி, இரண்டு முறை திரும்பி, மூச்சு வாங்கினேன். ரெக்ஸ் உன் பின்னால் இருக்கிறது என்றது எழுத்து. எதிரே இரண்டு வழிகள்.

"வலது பக்கம்" என்றார் வீட்டுக்காரர்.

"ஐயையோ, அங்கேதானே அதைப் பார்த்தேன்!" என்று பதறினேன்.

"அப்போது பார்த்தீர்கள். இப்போது அது அங்கே இல்லை. உங்கள் பின்னால் இருக்கிறது. நீங்கள் வளைந்து வந்துவிட்டீர்கள். வலது பக்கம்!"

என் விரல் 5ன் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பயந்தவன் பிராணி இருக்கும் இடத்தை நினைப்பதில்லை; அதைக் கடைசியாகப் பார்த்த இடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அந்த ஒரு விநாடியில்தான் எனக்குப் புரிந்தது. எத்தனையோ தெருக்களை இப்படி வீணாகச் சுற்றிப் போயிருக்கிறோம், இல்லையா?

கண்ணை மூடாத குறையாக 8ஐ அழுத்தினேன். பிறகு 7, 7, 7. நடைகூடம் காலியாகவே இருந்தது. "இடது. நேரே" என்றார் அவர். அப்பால் ஒரு வெளிச்சம். சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் சதுரமாக மினுமினுத்துக்கொண்டு ஒரு வாசல். கடைசி அடி வைத்தேன்.

வெளியே வந்துவிட்டோம்!

நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். வீட்டுக்காரர் எழவில்லை. தாளின் மூலையில் தேதி போட்டார். பென்சில் கொஞ்சம் தயங்கிற்று. பிறகு, தகப்பனாரைப் போலவே, அந்த இரண்டு வார்த்தையை எழுதினார்: 'தப்பினோம்.' தாளைக் கட்டின் மேல் வைத்து, ஓரம் சரி பார்த்துக் கட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே இருட்டிவிட்டது. பாத் நகரத்தின் வளைந்த தெருக்களில் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

ஆற்றங்கரைப் பாட்டியின் ஞாபகம் வந்தது. பாதைக்குள் இருப்பவனுக்குச் சுவர்தான் தெரிகிறது. பக்கத்தில் பதறாமல் உட்கார்ந்திருப்பவருக்கு வழி தெரிகிறது. மால்கம் எவன்ஸ் ஒருவர் ஆடுவதற்காகத்தான் அந்த ஆட்டத்தை எழுதினார். அதற்குள் இரண்டாவது ஆளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தது ஒரு தபால்காரரின் பென்சில். வீடு வீடாக நடந்தே பழகியவர் அல்லவா, வழி சொல்ல அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கைப்பேசிக்கு ராத்திரியே சார்ஜ் போட்டாயிற்று. ஸ்டேஷனுக்கு வழி தவறாமல் போய்ச் சேர்ந்தேனா என்று கேட்பீர்கள். சேர்ந்தேன். ஆனால் கைப்பேசியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வீட்டுக்காரர் கூடவே நடந்து வந்தார்.